வயது வரம்பும் தச்சனின் உளியும்

செய்யும் திறன் இருந்தும் வயதை மட்டுமே காரணமாகக் காட்டி ஒருவரை வேலைக்கு எடுக்க மறுப்பதும், எடுத்தவரை வெளியே அனுப்புவதும், பயிற்சியோ பதவி உயர்வோ தராமல் ஓரங்கட்டுவதும் வயதுப் பாகுபாடு எனப்படும். உலகெங்கும் இது ஐம்பதைக் கடந்தவர்களின் துன்பமாகவே பேசப்படுகிறது. அமெரிக்காவில் 1967-இல் இதற்கென்றே இயற்றப்பட்ட சட்டம் 40 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குத்தான் காப்புத் தருகிறது. செங்கல்பட்டு மாவட்டத்துச் சிங்கப்பெருமாள் கோவிலில் கிளம்பி ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையில், ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவுக்குள், "வயசாயிடுச்சு" என்ற பேச்சு முப்பதுக்கு முன்பே வந்துவிடுகிறது. அமெரிக்கச் சட்டம் ஒருவரைக் கவனிக்கத் தொடங்கும் வயதுக்குப் பத்தாண்டுகள் முன்னதாகவே இங்கே கேட் மூடிவிடுகிறது.

இதைத் தொழிலாளர் சட்டச் சிக்கலாக மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். மனிதனுக்கு மதிப்பு வருவது அவன் செய்து தரும் வேலையாலா, அல்லது வேலைக்கு முன்பே அவனுக்கு ஒரு மதிப்பு உண்டா என்ற பழைய கேள்வி இதன் அடியில் கிடக்கிறது. அந்தக் கேள்வியை எழுப்ப இந்தச் சாலை பொருத்தமான இடம். ஒரு முனையில் பல்லவர் காலத்துக் குடைவரையில் பாடலாத்ரி நரசிம்மர் இருக்கிறார். மறு முனை இராமானுசர் பிறந்த ஊர். இரண்டுக்கும் நடுவில் ஷிப்ட் சைரன்.

இந்த வட்டாரத்தின் தொழில் வரலாறு ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குள் அடங்கும். ஹூண்டாய் 1996-இல் இருங்காட்டுக்கோட்டைக்கு வந்து 1998-இல் கார் உற்பத்தியைத் தொடங்கியது. மறைமலைநகரில் ஃபோர்டு, மகேந்திரா சிட்டியில் 2007-இல் பி.எம்.டபிள்யூ., ஒரகடத்தில் 2010-இல் ரெனோ-நிசான், 2012-இல் பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யும் டைம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு என்று வாகன ஆலைகள் வரிசையாக வந்தன. ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் 2006-இல் நோக்கியா கைபேசி ஆலை இயங்கத் தொடங்கியது. சாம்சங், ஃபாக்ஸ்கான் போன்ற மின்னணு நிறுவனங்களும் அங்கே நிலைகொண்டன. பெரிய ஆலைகளுக்கு உதிரிபாகம் செய்து தரும் சிறு கம்பெனிகள் சுற்றிலும் முளைத்தன. ஆள் பிடித்துத் தரும் ஏஜென்சிகள் அவற்றோடு கூடவே வந்தன.

சிங்கப்பெருமாள் கோவில் ரயில் நிலையத்தில் இறங்கிக் கம்பெனி பஸ்ஸுக்கும் ஷேர் ஆட்டோவுக்கும் விரைகிறவர்களின் கண்ணில் படும்படி, கம்பங்களில் "ஆட்கள் தேவை" நோட்டீஸ் ஒட்டப்படுவதுண்டு. அதே வாசகம் வாட்ஸ்அப் குழுக்களிலும் சுற்றும். பத்தாம் வகுப்பு, ஐ.டி.ஐ., டிப்ளமோ என்று படிப்பு; கையில் கிடைக்கும் சம்பளம்; கேன்டீன், தங்குமிடம், பஸ் வசதி; பிறகு வயது. அது 18-இல் தொடங்கி 25, 28, 30 என்று ஏதாவது ஓர் எண்ணில் நிற்கும். சம்பளத்தைப் பற்றி ஏஜென்சிக்காரரிடம் கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாம். வயதைப் பற்றி வாய் திறக்க முடியாது. ஆதார் அட்டையைப் பார்த்ததும் பேச்சு முடிந்துவிடும்.

பெண்களுக்கு இந்த வரம்பு இன்னும் இறுக்கமானது. ஸ்ரீபெரும்புதூர் அருகே ஐபோன் பொருத்தும் ஃபாக்ஸ்கான் ஆலையில் திருமணமான பெண்கள் திட்டமிட்டே தவிர்க்கப்படுகிறார்கள் என்று 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் நிறுவனம் ஒரு விசாரணைச் செய்தி வெளியிட்டது. ஃபாக்ஸ்கான் அதை மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் தமிழக அரசிடம் அறிக்கை கேட்டது. தேசிய மனித உரிமை ஆணையமும் நோட்டீஸ் அனுப்பியது. அதே ஆண்டு நவம்பரில், விளம்பரங்களில் வயது, பாலினம், திருமண நிலை ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டாம் என்று ஏஜென்சிகளுக்கு அறிவுறுத்தப்பட்டதாக ராய்ட்டர்ஸ் மீண்டும் எழுதியது. நோட்டீஸிலிருந்து ஒரு வரியை எடுத்துவிடுவது எளிது. ஆள் எடுப்பவரின் கணக்கிலிருந்து அதை எடுப்பது அவ்வளவு எளிதன்று.

கம்பெனிகளின் கணக்குக்குக் காரணங்கள் உண்டு, அவற்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். நுண்ணிய திருகாணியைப் பொருத்தக் கூர்மையான கண்ணும் வேகமான விரலும் வேண்டும். இரவு ஷிப்டை இருபது வயது உடம்பு தாங்கும் அளவுக்கு நாற்பது வயது உடம்பு தாங்காது. குடும்பம் இல்லாதவர் விடுதியில் தங்குவார், லீவு குறைவாகக் கேட்பார். இவை வெளியே சொல்லக்கூடிய காரணங்கள். அவ்வளவாகச் சொல்லப்படாதவையும் இருக்கின்றன. பல ஆண்டு இருப்பவருக்குச் சம்பளம் ஏறும்; பர்மனென்ட் ஆக்கும்படி கேட்பார்; சட்டம் தெரிந்துவிடும்; சங்கம் தொடங்குவார். இந்த இரண்டாவது பட்டியலில் இருப்பவை எதுவும் உடம்பின் குறையே அல்ல. ஒருவர் நெடுநாள் வேலை பார்த்ததால் பெற்ற அறிவே அவருக்கு எதிராகத் திரும்புகிறது.

அருகருகே நடந்த இரண்டு நிகழ்ச்சிகள் இந்தப் பாகுபாட்டின் இரண்டு முகங்களைக் காட்டும். நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தியை நிறுத்தியது. அதற்கு முன்பே ஆயிரக்கணக்கானோர் விருப்ப ஓய்வுத் திட்டத்தில் வெளியேறியிருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் இருபதுகளில் இருந்தவர்கள், பெரும்பகுதி பெண்கள். "ஓய்வு" என்ற பெயரில் பணம் வாங்கிக்கொண்டு போனவர்களுக்கு அப்போது கல்யாண வயது. அடுத்தது ஃபோர்டு. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு அடுத்த ரயில் நிலையமான மறைமலைநகரில் 2021 செப்டம்பரில் ஆலை மூடல் அறிவிக்கப்பட்டு, 2022 ஜூலையில் கடைசிக் கார் வெளிவந்தது. அங்கே இருந்தவர்களில் பலர் ஒரே ஆலையில் பத்து, இருபது ஆண்டுகள் கழித்த பர்மனென்ட் தொழிலாளர்கள். நல்ல செட்டில்மென்ட் கேட்டுப் போராடவாவது அவர்களுக்குச் சங்கம் இருந்தது. ஆனால் நாற்பதுகளில் வெளியே வந்தவர், பக்கத்திலேயே அதே வேலை நடக்கும் ஆலைக்குப் போனால், 28 வயது வரம்பு அவரை வரவேற்கும். முதல் கூட்டத்தாரிடம் கைத்தொழில் என்று சொல்ல எதுவும் சேரவில்லை. இரண்டாம் கூட்டத்தாரிடம் சேர்ந்திருந்தது, கேட்பார் இல்லை.

இரண்டாம் கூட்டத்தாருக்காகப் பேசுவது எளிது. அனுபவம் என்பது என்ன என்று பிரஸ் ஷாப்பில் ஒரு மணி நேரம் நின்றால் தெரிந்துவிடும். தகட்டை வெட்டியெடுக்கும் டை தேயத் தேய, வெட்டிய விளிம்பில் பிசிறு கூடும். கேஜை வைத்து அளந்து, ரிஜெக்ஷன் பெட்டி நிறைந்த பிறகு கண்டுபிடிப்பவர் ஒருவர். பழைய செட்டர் துண்டைக் கையில் எடுத்து விளிம்பைக் கட்டைவிரலால் மெல்லத் தடவிப் பார்த்து, எந்தப் பக்கம் கிளியரன்ஸ் கூடியிருக்கிறது என்று சொல்லிவிடுவார். லேத்தில் சீவல் நீலம் பாய்ந்து சுருளும்போது சூடு எங்கே போகிறது என்று அவருக்குத் தெரியும். ஞாயிறு முழுவதும் ஓடாமல் நின்ற இயந்திரத்தின் கூலன்ட் திங்கட்கிழமை காலையில் அழுகல் நாற்றம் அடித்தால், அதில் பாக்டீரியா பெருகியிருக்கிறது என்று மூக்கே சொல்லிவிடும். இவற்றில் எதையும் எழுதி ஒட்ட முடியாது என்பதில்லை. ஒட்டியும் இருக்கிறார்கள். ஒட்டிய தாளைப் படித்தவரும் விளிம்பைத் தடவியவரும் ஒன்றாகிவிடுவதில்லை, அவ்வளவுதான்.

அரிஸ்டாட்டில் இதை இருபத்து மூன்று நூற்றாண்டுகளுக்கு முன்பே வகுத்துச் சொன்னார். இளைஞன் கணிதத்தில் வல்லவனாகலாம். நடைமுறை விவேகத்தில் வல்லவனாக முடியாது, ஏனெனில் அது தனித்தனி நிகழ்ச்சிகளைக் கண்டு பழகுவதால் வருவது, பழகுவதற்குக் காலம் வேண்டும் என்பது அவர் வாதம். திருக்குறளில் பெரியாரைத் துணைக்கோடல் என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதைவிட இங்கே கவனிக்க வேண்டியது தெரிந்து வினையாடல் அதிகாரம். வேலைக்கு ஆளைத் தேர்வது எப்படி என்று சொல்லும் அந்த அதிகாரம் அன்பு, அறிவு, தெளிவு, ஆசையின்மை என்ற நான்கைக் கேட்கிறது. வயதை அது கேட்கவில்லை.

அளந்து பார்த்தவர்களும் உண்டு. ஜெர்மனியில் பென்ஸ் லாரி ஆலை ஒன்றில் தொழிலாளர்களின் பிழைப் பதிவுகளைப் பல ஆண்டுக் கணக்கில் ஆராய்ந்த பொருளியலாளர்கள் ஆக்செல் போர்ஷ்-சூபானும் மத்தியாஸ் வைஸும், குறைந்தது 60 வயது வரை உற்பத்தித் திறன் சரியவில்லை என்று கண்டார்கள். மூத்தவர்கள் சில்லறைப் பிழைகளைச் சற்றுக் கூடுதலாகச் செய்தாலும், லாரியையே பாதிக்கும் பெரிய பிழைகளை மிக அரிதாகவே செய்தார்கள். 2007-இல் பி.எம்.டபிள்யூ. தன் டிங்கோல்ஃபிங் ஆலையில் ஓர் அசெம்பிளி லைனில் வேண்டுமென்றே சராசரி வயது 47 வரும்படி ஆட்களை நிறுத்தியது. மரத் தரை, உயரம் மாற்றக்கூடிய நாற்காலி, பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி என்று தொழிலாளர்களே சொன்ன எழுபது சிறு மாற்றங்கள் செய்யப்பட்டன. செலவு சுமார் 40,000 யூரோ. ஓராண்டில் அந்த லைனின் உற்பத்தித் திறன் 7 விழுக்காடு உயர்ந்தது. அதே 2007-இல்தான் அந்த நிறுவனம் மகேந்திரா சிட்டியில், சிங்கப்பெருமாள் கோவிலுக்குக் கூப்பிடு தூரத்தில், ஆலை திறந்தது. பென்ஸ் குடும்பத்து லாரிகள் ஒரகடத்தில் பொருத்தப்படுகின்றன. ஜெர்மனிக்குப் போய்த் தேட வேண்டிய பாடம் அன்று இது.

இங்கே நிறுத்திவிட்டால் கட்டுரை இனிமையாக முடியும். மூத்தோர் பயனுள்ளவர்கள், ஆகவே அவர்களை வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிடலாம். பெரும்பாலும் அப்படித்தான் சொல்லப்படுகிறது. அந்த வாதம் உண்மையானது, ஆனால் குறையுள்ளது. பயன் இருப்பதால் மதிப்பு என்று ஒப்புக்கொண்டால், பயன் குறைந்தவருக்கு மதிப்பும் குறையும் என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொண்டதாகிறது. டூல் ரூம் செட்டரை அது காப்பாற்றும். நோக்கியாவிலிருந்து போன பெண்ணை அது காப்பாற்றாது.

ஏன் காப்பாற்றாது என்பதற்கு லைனின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. தொழிலாளிகளின் தலைக்குள் பரம்பரையாகச் சேர்ந்திருக்கும் அறிவையெல்லாம் நிர்வாகம் திரட்டி, விதிகளாக்கி வைத்துக்கொள்ள வேண்டும் என்று 1911-இல் ஃப்ரெடரிக் டெய்லர் எழுதினார். 1913-இல் ஹென்றி ஃபோர்டின் ஹைலேண்ட் பார்க் ஆலையில் நகரும் லைன் வந்தபோது, ஒருவருக்கு ஒரு போல்ட் என்ற அளவுக்கு வேலை நறுக்கப்பட்டது. கைபேசி ஆலையில் ஒரு நிலையத்தின் வேலை சில விநாடிகளில் முடியும். அதைச் சில நாட்களில் கற்றுக்கொள்ளலாம். எட்டு ஆண்டு செய்தாலும் அதற்கு மேல் கற்க அதில் ஒன்றும் இல்லை. அனுபவம் சேராதபடி வேலையை அமைத்துவிட்டு, பிறகு அனுபவம் இல்லை, வேகமும் குறைந்துவிட்டது என்று 28 வயதில் அனுப்புவது இந்த ஏற்பாட்டின் சூட்சுமம். அவரிடம் பயனைக் காட்டி வாதாட எதுவும் மிஞ்சுவதில்லை. அவருக்காகப் பேச வேண்டுமானால் பயனுக்கு முந்திய ஏதோ ஒன்றைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயம், மூன்றாம் பாதத்தில் ஒரு தச்சன் வருகிறான். செய்கிறவன் யார், ஆன்மாவா, உடம்பும் புலன்களுமா என்ற விசாரணையின் நடுவே அவனை உவமை காட்டும் சூத்திரம் ஒன்று இருக்கிறது. வேதாந்தத்தின் மூல நூலில் ஒரு தொழிலாளி நுழைந்த இடம் என்பதற்காகவே அது கவனத்துக்குரியது. சங்கரர் அதைப் படிக்கும் விதம் இது: கையில் உளி இருக்கும் வரை தச்சன் செய்பவன், உழைப்பின் துன்பமும் அவனுக்கு உண்டு, கருவியைக் கீழே வைத்து வீட்டுக்குப் போனால் அவன் செய்பவன் அல்லன், நிம்மதியாக இருக்கிறான். அதுபோல, செய்கை என்பது ஆன்மாவின் இயல்பன்று, உடம்பு என்ற ஒட்டினால் வந்தது. இராமானுசர் தம் உரையான ஸ்ரீபாஷ்யத்தில் வேறு விதமாகப் படிக்கிறார். உளியும் வாய்ச்சியும் பக்கத்தில் இருந்தாலும் தச்சன் விரும்பினால் செய்கிறான், விரும்பாவிட்டால் செய்வதில்லை. செய்வதா வேண்டாமா என்று முடிவு செய்வது கருவியால் ஆகாது. ஆகவே செய்பவன் கருவிக்கு வேறானவன். ஆன்மாவின் செய்கை மெய்யானது, இறைவனைச் சார்ந்து நிற்பது என்றாலும் மெய்யானது.

இரு ஆசாரியர்களும் தொழிற்சாலையைப் பற்றிப் பேசவில்லை என்பது உண்மையே. ஆனால் வயது வரம்பு என்ற வழக்கம் தச்சனைப் பற்றி என்ன நினைக்கிறது என்று கேட்டால், இருவருமே மறுக்கும் ஒரு விடை கிடைக்கும். அது உளியையும் தச்சனையும் ஒன்றாக எண்ணுகிறது. கண்ணின் கூர்மை, விரலின் வேகம், தூக்கம் தாங்கும் உடல் என்று கருவிகளின் பட்டியலைப் போட்டு, இதுவே ஆள் என்கிறது. கருவி மழுங்கியதும் ஆள் தீர்ந்துபோனார் என்று முடிவு கட்டுகிறது. சங்கரர் வழியில், வேலை போனவரிடம் அவராக இருப்பது எதுவும் போய்விடவில்லை என்ற தெளிவு கிடைக்கும். ஆறுதலுக்கு அது நல்லது, ஆனால் கேட்டுக்கு வெளியே நிற்கிறவரை வீட்டுக்குப் போய் நிம்மதியாக இரு என்று சொல்லும் வாயாகவும் அது மாறிவிடக்கூடும். இராமானுசர் வழியில் ஒரு கோரிக்கையும் பிறக்கிறது. செய்பவன் மெய் என்றால் அவன் செய்ததும் மெய். எட்டாண்டு உழைப்பை நடக்காதது போலக் கணக்கை மூட முடியாது.

இராமானுசரின் தத்துவமான விசிஷ்டாத்வைதத்தில் அறிவைப் பற்றிய கருத்தும் இதற்கு உதவும். விளக்கும் அதன் ஒளியும் போல, ஆன்மா தானே அறிவு வடிவாக இருப்பதோடு, அறிவைப் பண்பாகவும் உடையது. பண்பான அறிவு வினையாலும் உடம்பாலும் சுருங்கும், விரியும். ஆன்மாவின் சொரூபம் சுருங்குவதில்லை. முதுமையில் மறதி வருவதையும் பார்வை மங்குவதையும் இந்தத் தத்துவம் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்ட பின்பும் ஆளைக் குறைத்து எடைபோட மறுக்கிறது.

இன்னும் ஒரு படி மேலே போவது சரணாகதிக் கொள்கை. பக்தி யோகம் செய்யத் திறன் வேண்டும், தகுதி வேண்டும். பிரபத்தி எனப்படும் சரணாகதிக்கு வேண்டிய தகுதிகளில் முதன்மையானது ஆகிஞ்சன்யம். அதாவது தன்னிடம் கைம்முதல் எதுவும் இல்லை என்ற நிலை. போக்கிடம் வேறில்லை என்பது அதனோடு சேர்ந்த மற்றொன்று. உலகத்தில் எந்த வேலைக்கான விண்ணப்பத்திலும் இப்படி ஒரு தகுதியைக் கேட்டதில்லை. திறமையின்மையே ஏற்கப்படுவதற்கான வாசல் என்று வைத்த ஒரு சமயம், பயனைக் கொண்டு ஆளை அளப்பதை அடியோடு கவிழ்த்துவிடுகிறது.

குருபரம்பரைக் கதைகளும் இதே திசையில் நிற்கின்றன. இராமானுசர் 120 ஆண்டுகள் வாழ்ந்ததாக மரபு சொல்லும். ஸ்ரீபெரும்புதூர்க் கோயிலில் இருக்கும் தானுகந்த திருமேனி அந்தக் கடைசிக் காலத்தில் செய்யப்பட்டு, அவரே தழுவிக்கொண்டது என்பது நம்பிக்கை. காவிரிக்கு நடக்க அவருக்குப் பிறர் கை வேண்டியிருந்தது. நீராடப் போகும்போது அந்தணச் சீடரின் கையையும் திரும்பும்போது மல்லரான பிள்ளை உறங்காவில்லிதாசரின் கையையும் பிடித்தாராம். ஊரில் எழுந்த முணுமுணுப்பு கை கொடுத்தவரின் குலத்தைப் பற்றியது. அவருக்குக் கை வேண்டியிருந்ததை எவரும் குறையாகப் பேசியதாகக் கதை இல்லை. பிரம்ம சூத்திரத்தின் பழைய உரையான போதாயன விருத்தியின் ஓலைகள் பறிபோனபோது அதைத் தம் நினைவில் வைத்திருந்தவர் இராமானுசரின் சீடர் கூரத்தாழ்வான். பின்னாளில் கண்ணிழந்த பிறகும் அவர் ஸ்தவங்கள் பாடினார். நூல் போனாலும் நூலை அறிந்த ஆள் இருந்தால் போதும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது.

மரபை இப்படிப் புகழும்போது அதன் கணக்கில் உள்ள கடனையும் சொல்லிவிட வேண்டும். கோயில் கைங்கரியத்தில் ஓய்வு வயது இல்லாதிருந்தது உண்மை. அந்தக் கைங்கரியம் பிறப்பால் வந்ததும் உண்மை. வயதைக் கேட்காத வாசல் குலத்தைக் கேட்டது. முதியோரைப் போற்றிய அதே சமூகத்தில், வயலில் உழைத்த முதியவரை வயதில் இளைய பண்ணையார் ஒருமையில் அழைத்தார். தொழிற்சாலை அந்த வாசலை ஓரளவு உடைத்தது. குலம் கேட்காமல் கூலி கொடுத்தது. அதற்காக இங்கே வேலைக்கு வந்த கிராமத்துப் பெண்கள் ஆலையை நன்றியோடுதான் பார்ப்பார்கள். பழையதற்குத் திரும்புவது இங்கே பேச்சே அல்ல.

வயதுப் பாகுபாட்டுக்குச் சாதகமான வாதங்களில் ஆழமானது தத்துவத் துறையிலிருந்தே வருகிறது. சாதியும் பாலினமும் ஒருவரோடு வாழ்நாள் முழுதும் ஒட்டியிருப்பவை, வயது அப்படியன்று. எல்லோரும் ஒரு காலத்தில் இளையவர், எல்லோரும் ஒரு காலத்தில் மூத்தவர். ஆகவே இளையோருக்குக் கொடுத்து மூத்தோருக்கு மறுத்தாலும், முழு வாழ்நாளையும் எடுத்துப் பார்த்தால் எல்லோருக்கும் சமமே கிடைக்கிறது. அமெரிக்க அறிஞர் நார்மன் டேனியல்ஸ் 1980-களில் இந்தப் போக்கில் விரிவாக எழுதினார். நம் ஊர் வழக்கில் இதையே, "நாம அனுபவிச்சாச்சு, பிள்ளைகளுக்கு வழி விடுவோம்" என்பார்கள். வானப்பிரஸ்தக் கருத்திலும் இதன் சாயல் உண்டு. ஐம்பத்தெட்டிலோ அறுபதிலோ பணி ஓய்வு பெறுவதை இந்த வாதம் ஓரளவு நியாயப்படுத்தும். 28-ஐ நியாயப்படுத்தாது. அங்கே முழு வாழ்நாள் கணக்கைப் போட்டால், பத்தாண்டு வேலை ஒரு பக்கமும் முப்பது ஆண்டு வெறுமை மறுபக்கமும் வரும். வழி விடுவதால் இளையவருக்கு நிலையான வாழ்வு கிடைக்கிறதா என்றால் அதுவும் இல்லை. உள்ளே வருகிற பத்தொன்பது வயதுக்காரரும் அதே எண்ணை நோக்கியே நடக்கிறார். வானப்பிரஸ்தனோ பேரன் முகம் பார்த்த பிறகு தானாகக் கிளம்புகிறவன். அவனை எவரும் செக்யூரிட்டியை வைத்து வெளியே அனுப்பவில்லை.

பத்தாண்டு என்ற இந்த எண் பாகவதத்திலும் வருகிறது, அதுவும் பிரகலாதன் வாயிலாக. சிங்கப்பெருமாள் கோவில் உற்சவருக்குப் பிரகலாத வரதர் என்றே பெயர். ஏழாம் ஸ்கந்தத்தில் அந்தச் சிறுவன் தன் வகுப்புத் தோழர்களுக்கு ஒரு கணக்குச் சொல்கிறான். ஆயுள் நூறு, பாதி தூக்கத்தில் போகும், இருபது குழந்தைப் பருவத்திலும் விளையாட்டிலும் போகும், இருபது முதுமையின் இயலாமையில் போகும், மிச்சமும் குடும்பப் பற்றில் கழியும். கழித்துப் பார்த்தால் மிஞ்சுவது பத்து. ஏஜென்சி நோட்டீஸும் 18-லிருந்து 28 வரை என்று அதே பத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. முடிவில்தான் வேறுபாடு. பயன்படும் ஆண்டுகள் சில என்பதால் பயனை வைத்து வாழ்வை அளக்காதே, உயர்ந்ததை இப்போதே பற்று என்பது பிரகலாதன் சொன்னது. அந்தப் பத்தை மட்டும் கறந்துகொள் என்பது நோட்டீஸின் பொருள். இன்னொன்றும் உண்டு: பாடம் சொன்னவன் சிறுவன். பெரியோர் அறிவுடையார் என்று பேசுகிற எந்தக் கட்டுரையும் அவனுக்கு முன் கொஞ்சம் அடங்கித்தான் பேச வேண்டும். வயது குறைவு என்று ஒருவரை ஒதுக்குவதும் பாகுபாடுதான்.

சட்டம் இந்தக் கேள்வியில் பாதி வழி வந்து நிற்கிறது. இந்திய அரசியல் சாசனத்தின் 16-ஆவது கூறு மதம், இனம், சாதி, பால், வம்சம், பிறந்த இடம், வசிப்பிடம் ஆகியவற்றைக் காட்டி அரசு வேலை மறுக்கக்கூடாது என்கிறது. அந்தப் பட்டியலில் வயது இல்லை. தனியார் ஆலையை அந்தக் கூறு கட்டுப்படுத்துவதும் இல்லை. அரசே தன் தேர்வுகளுக்கு வயது உச்சவரம்பு வைத்திருக்கும்போது கம்பெனியைக் கேட்பது கடினம். ஆனாலும் மறுபக்கம் ஓர் அரிய விதி இருக்கிறது. 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 25ஜி பிரிவு, ஆட்குறைப்புச் செய்தால் அந்த வகையில் கடைசியாகச் சேர்ந்தவரையே முதலில் அனுப்ப வேண்டும் என்று பொதுவிதியாகச் சொன்னது. அதை மீறுவதற்குக் காரணம் எழுத வேண்டும். மீண்டும் ஆள் எடுக்கும்போது அனுப்பப்பட்டவருக்கே முன்னுரிமை என்றது அடுத்த பிரிவு. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பும் இந்த முறையை வைத்துக்கொண்டிருக்கிறது. உழைத்த ஆண்டுகளே ஓர் உரிமை என்று இந்த விதி ஒப்புக்கொள்கிறது. பயன் எவ்வளவு என்று அது கேட்பதில்லை. வேதாந்தம் சுற்றி வளைத்துச் சொன்னதைத் தொழிலாளர் சட்டம் ஒரே வரியில் சொல்லிவிட்டது.

ஆனால் 1984-இல் வந்த ஒரு திருத்தம், குறிப்பிட்ட காலத்துக்கு எழுதிய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாமல் முடிந்தால் அது ஆட்குறைப்பே அன்று என்று விலக்கு அளித்தது. ஒப்பந்தத்திலேயே இருப்பவருக்கு 25ஜி எட்டாக் கனி ஆனது. பெண்களைப் பொறுத்தவரை, விமானப் பணிப்பெண்களை முதல் கர்ப்பத்திலேயே பணியிலிருந்து நீக்கலாம் என்ற ஏர் இந்தியா விதியை உச்ச நீதிமன்றம் 1981-இல் நெர்கேஷ் மீர்சா வழக்கில் செல்லாததாக்கியது. 35 வயதுக்கு மேல் பணி நீட்டிப்பதை நிர்வாக இயக்குநரின் விருப்பத்துக்கு விட்டிருந்ததையும் ஏற்கவில்லை. அந்தப் பெண்கள் பொதுத்துறை ஊழியர்கள் என்பதால் நீதிமன்றப் படியேற முடிந்தது. ஏஜென்சி வழியே ஆலைக்கு வருபவருக்கு யார் மீது வழக்குப் போடுவது என்பதே முதல் சிக்கல்.

இந்த ஏற்பாட்டின் விளைவு கடைசியில் பி.எஃப். கணக்கில் வந்து நிற்கும். தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்தில் 58 வயதில் மாத ஓய்வூதியம் பெற வேண்டுமானால் குறைந்தது 10 ஆண்டுகள் சந்தா கட்டிய சேவை வேண்டும். குறைந்தபட்ச ஓய்வூதியம் 2014 முதல் மாதம் 1,000 ரூபாய். 19 வயதில் லைனில் சேர்ந்து 27-இல் நிறுத்தப்பட்டு, பிறகு பி.எஃப். பிடிக்கும் வேலை எதுவும் கிடைக்காதவருக்கு அந்த ஆயிரமும் கிடையாது.